சட்டைக் காலரில் இருந்த வாசனை

கடற்கரை ஹோட்டல் பாரில் முப்பது வருஷம் நின்றவர் அவர். அன்னாசியும் ரம்மும் இன்னும் எதையோ சேர்த்து அரைத்து, உயரமான கண்ணாடிக் குவளையில் அவர் ஊற்றித் தரும் வெள்ளைப் பானத்துக்காகவே ஆட்கள் வருவார்கள். வீட்டில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. மனைவி கேட்டபோது, "இங்கயும் நான் கடை விரிக்கணுமா? போய் டீ போடு" என்றுவிட்டார். அந்தப் பானத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் துவைக்கப் போட்ட சட்டைகளில் ஒட்டிவந்த வாசனைதான். முன்பக்கம் அன்னாசி, கைப்பக்கம் ரம், காலரில் அவர் தலையெண்ணெய்.

பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வாயைத் திறக்க மறுக்கிறார். கஞ்சி நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"அவரால முழுங்க முடியும்மா. மாட்டேங்கறாரு, அவ்வளவுதான்" என்றாள் வீட்டுக்கு வரும் நர்ஸ். "நாளைக்குக் காலையில நான் வர்றதுக்குள்ள எதுவும் உள்ள போகலைன்னா, மூக்கு வழியா குழாய்தான். ஆஸ்பத்திரியில போட்ட குழாயைப் பிடுங்கி எறிஞ்சாரே, அதனால நல்லா இருக்கிற கையையும் கட்டிலோட கட்டணும்."

அந்த இடது கை ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

"பார்ல அவர் போடுவாரே, அந்த ரம் ஜூஸ் குடுத்துப் பார்க்கட்டுமா?"

நர்ஸ் யோசித்தாள். "கூழ் மாதிரி கெட்டியா இருக்கணும். தண்ணியா இருந்தா புரையேறிடும். இந்தா, கெட்டியாக்குற மாவு, இதைக் கலந்துக்குங்க. ரம் வாசனைக்கு ரெண்டு சொட்டு. மூணாவது விழுந்தா சண்டைக்கு வருவேன்."

டாக்ஸி ஓட்டும் கொழுந்தன் மாலையில் பாட்டிலோடு வந்தான். "கடைக்காரன் ரெண்டு சொட்டு தனியா தரமாட்டானாம் அண்ணி. மிச்சத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் எதுக்கு இருக்கேன்?"

"வாயை மூடிக்கிட்டுப் பழத்தை நறுக்குடா."

வெள்ளையாக இருக்கும் என்பதால் அவள் பாலை ஊற்றினாள். மிக்சி ஓடியது. மாவு கலந்து டம்ளரில் ஊற்றினாள். ரம் விழுந்ததும் வாசனை கூடத்துக்குப் போனது. அவர் கண் திறந்தது. ஸ்பூனைக் கொண்டுபோனதும் உதடு தானாகப் பிரிந்தது. அவள் ஒரு வாய் உள்ளே விட்டாள்.

அடுத்த நொடி அவள் புடவை மேல் துப்பினார்.

கொழுந்தன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான். அன்னாசி பட்டுப் பால் திரிந்து, வேப்பங்காயாகக் கசந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கட்டட்டும்! அந்தக் கையையும் கட்டிப் போடட்டும்! ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் ஊத்திக் குடுத்தீங்களே, எனக்காக ஒரு வாய் முழுங்கக் கூடாதா?"

இடது கை எழுந்தது. தலையைத் தட்டினார். டம்ளரைக் காட்டினார். மறுபடி தலை, மறுபடி டம்ளர்.

"தலை வலிக்குதாண்ணா?"

இன்னும் ஓங்கித் தட்டினார்.

"நம்ம கைப்பக்குவத்தைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கறாரு அண்ணி!"

அவள் எழுந்து அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். விரல்களில் பிசுக்கு. காலையில் அவர் தலையில் அவள் தடவிவிட்ட எண்ணெய். முகர்ந்தாள். தேங்காய். இத்தனை வருஷம் காலரைத் தேய்த்துத் தேய்த்து வெளுத்தது எதை?

"சட்டைக் காலர்ல இருந்தது தலையெண்ணெய் இல்லடா! தேங்காய்! பால் இல்ல, தேங்காய்ப் பால்!"

தேங்காயை உடைத்தாள். துருவிப் பிழிந்து, முதல் பாலில் அன்னாசியை அரைத்து, மாவும் ரெண்டு சொட்டும் கலந்து, இந்தத் தடவை நாக்கில் வைத்துப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் முதல் முறை.

ஸ்பூன் உள்ளே போனது. அவர் அப்படியே வைத்திருந்தார். கன்னம் உப்பியிருந்தது.

"முழுங்குங்க. உங்க காலைப் பிடிக்கறேன், முழுங்குங்க."

குரல்வளை ஏறியது. நின்றது. இறங்கியது.

இரண்டாவது ஸ்பூன். மூன்றாவது. நான்காவதுக்கு வாயை மூடிக்கொண்டார். இடது விரல் எவர்சில்வர் டம்ளரைக் காட்டி, பக்கவாட்டில் ஆடியது. பிறகு அலமாரியை நோக்கி நீண்டது. அங்கே விருந்தாளிகளுக்கென்று வைத்த உயரமான கண்ணாடிக் குவளை.

"டம்ளர் சரியில்லையாம்!" கொழுந்தன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

மூன்று ஸ்பூன் போதுமா என்று நர்ஸ்தான் சொல்ல வேண்டும். விடிய நேரம் இருந்தது. அவள் குவளையைக் கழுவி, மிச்சத்தை ஊற்றி, அவருடைய இடது கைக்குள் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"விட்டுடாதீங்க" என்றாள்.