எனக்குக் கொடுத்த கொய்னா

ஜப்பான்காரன் காலத்தில் கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், கொஞ்ச நாளில் மருந்து கொடுக்கும் டிரசரும் காணாமல் போனார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிஞ்சியவை நோயாளியைத் தூக்கும் கட்டில் ஒன்றும், மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைத் தகரம் ஒன்றும்தான். அங்கே புண்ணுக்குக் கட்டுப்போடும் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, இரண்டையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பால்மரம் சீவும் இருவர் அவருடன் சேர்ந்தார்கள். யாரும் அவர்களை நியமிக்கவில்லை, கூலியும் கிடையாது. வரிசை வீடுகளான லயத்தின் முனையில் தொங்கிய தண்டவாளத் துண்டை, யாருக்காவது முடியாமல் போய் அடித்தால் மூவரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

கொய்னா கொடுத்தால் பாசார்ச் சந்தையில் அரிசி கிடைக்கும். அதனால் சிலர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்தார்கள். மாமா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். அவர் கண் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

"மாட்டுக்குத்தான்யா இப்படிப் பல்லப் பிடிச்சுப் பாப்பாங்க" என்றார் ஒரு கிழவர்.

"மாடு ஏமாத்தாது பெரியவரே. தொறங்க."

எனக்கு எட்டு வயதில் காய்ச்சல் வந்தது. மாமா மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்த நேரம் தண்டவாளம் ஒலித்தது. "முழுங்குடா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு தாங்காமல் தரைப்பலகை இடுக்கில் துப்பினேன்.

மறுநாள் அம்மா, "அவன் வாயப் பாக்கலியா?" என்று கேட்டாள்.

"நம்ம வீட்டுப் பிள்ளைக்குமா அக்கா?" என்று மாமா சிரித்தார்.

ஐந்து நாள் மாத்திரையும் அதே இடுக்கில் போயிற்று. காய்ச்சல் விடுவதுபோல் விட்டு, பின்பு உடம்பையே தூக்கிப்போடும் நடுக்கத்துடன் திரும்பி வந்தது. "கொய்னாவுக்கே அடங்கலியே" என்று மாமா கலங்கினார். முதலிலிருந்து மறுபடியும் கொடுத்தார். இந்தத் தடவை அம்மா என் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பிழைத்தேன்.

அடுத்த வாரம் ஐந்தாம் வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல். என்னைவிடச் சின்னவள். தகரத்தில் இரண்டு மாத்திரைகள்தான் இருந்தன. அவள் விழுங்கிவிட்டு, யாரும் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினாளாம். மூன்றாம் நாள் காலையில் அவளைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். உச்சிவெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டார்கள். கட்டிலில் அவள் முகத்தை மாமாவின் சட்டை மூடியிருந்தது.

அவள் தாய் உடனே அழவில்லை. "ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு ரெண்டு வாட்டி குடுத்தீங்களேண்ணே, எம்பிள்ளைக்கு ஒரு வாட்டிக்குக்கூட இல்லியா?" என்று கேட்டாள்.

"குடுத்தேம்மா" என்றார் மாமா.

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். துப்பினேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அடி விழும் என்ற பயம். வளர்ந்த பின் அடிக்க யாருமில்லாதபோதும் சொல்லவில்லை. மாமா கடைசியாகப் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வேறு ஏதேதோ பேசினேன். அந்தக் குடும்பம் எங்கே போயிற்று என்று தேடவும் இல்லை.

அதற்குப் பிறகும் தண்டவாளம் ஒலித்தது. ஆனால் மற்ற இருவரையும் மட்டுமே கூப்பிட்டார்கள். மாமா எழுந்து வாசல்வரை போவார். "நீங்க இருங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போவார்கள். மாமா திரும்பி வந்து என் எதிரில் உட்காருவார். இருவரும் ரப்பர்கொட்டையைக் குறிபார்த்துச் சுண்டி விளையாடுவோம். குறி தவறாத மாமா அந்த நாட்களில் ஒவ்வோர் ஆட்டத்திலும் என்னிடம் தோற்றார். நான் கெட்டிக்காரனாகிவிட்டேன் என்று நினைத்தேன். இனி யாரும் அவரை என்னிடமிருந்து கூப்பிட்டுக்கொண்டு போகமாட்டார்கள் என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.