லுஹருக்கும் அஸருக்கும் இடையில்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால், கடல் பக்கத்தில் இருந்தும் எங்கள் ஊருக்குப் பயனில்லை. மேற்கே வயல்வெளியைத் தாண்டி வரும் அந்தக் காற்று, எரியும் அடுப்புக்குள் முகத்தை நீட்டியது போலச் சுடும். அரசாங்க வேலையில் இருந்த காலத்தில் இதற்கென ஆண்டுதோறும் ஒரு சுற்றறிக்கை தயாரிப்போம். போதிய நீர் அருந்தவும், நீர்ச்சத்துள்ள பழங்களை உண்ணவும், நண்பகலில் வெளியே செல்வதைத் தவிர்க்கவும். மும்மொழியிலும் அச்சாகி உரியவர்களுக்குப் போகும். உரியவர்கள் அதைக் கோப்பிலிடுவார்கள். அலுமாரிக்குள் அது குளிர்ச்சியாக இருக்கும். தண்ணீர் குடிக்காத மனிதன் ஏன் குடிக்கவில்லை என்று கேட்கும் நடைமுறை மட்டும் எங்களிடம் இருக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, என் மச்சானால்தான் அதைக் கேட்க நேர்ந்தது.

மச்சான் என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன். பள்ளிவாசலில் முன் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால் நிற்பவர். நண்பகலில் லுஹர் தொழுதால் பின்னேரத்து அஸர் வரை வீட்டுக்குப் போவதில்லை. தூணில் சாய்ந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பார். போன கச்சானில் ஒரு நாள் அஸருக்கு எழுந்தவர், பக்கத்தில் நின்ற என் தோளில் அப்படியே சரிந்தார். உதடு வெடித்திருந்தது. நாக்கு புரளவில்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகத் தொடங்கிவிட்டது, இனியும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மிச்சக் காலம் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினோடுதான் என்று டொக்டர் சொன்னார். மச்சான் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். கூட்டங்களில் நான் காலமெல்லாம் கேட்ட "ஓம்" அது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கிழமையே, நான் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் மூடி திறக்கப்படாமல் தூணுக்குப் பின்னால் நின்றது.

"ஏன் மச்சான் குடிக்கிறீங்க இல்ல?"

"குடிச்சா போகணும் மச்சான்."

"போறதுதானே."

"போனா ஒளு முறியும். இந்த முழங்காலோட குந்தி எழும்பி, திரும்ப ஒளு எடுத்து வாறதுக்குள்ள தொழுகை நடந்திரும். பிறகு நான் செருப்புக் கிடக்கிற இடத்துலதான் நிக்கணும்."

தொழுகைக்காகக் கை, கால், முகம் கழுவி எடுத்த ஒளுவைக் காப்பாற்றத் தண்ணீரையே நிறுத்திவிட்டார். பிரச்சினை தோன்றும் இடத்திலேயே அதை ரத்துச் செய்யும் இந்த முறையைப் பல திணைக்களங்கள் கையாண்டு நான் பார்த்திருக்கிறேன். சிறுநீரகத்தைக் கேட்டுச் செய்வதில்லை என்பது ஒன்றுதான் குறை.

எங்கள் வீடு பள்ளிவாசலுக்கு அடுத்த ஒழுங்கையில். உட்கார்ந்து எழும்பக் கொமட் உண்டு. வாருங்கள் என்றேன். மச்சான் பேச்சை மாற்றினார். காரணம் எனக்குத் தெரியும். இந்த வீட்டைக் கட்டியவரே அவர்தான். எங்கள் பக்கத்தில் கலியாணத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பது. வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் இவர் மாப்பிள்ளையானார். கொடுத்த நாளிலிருந்து முன் விறாந்தையைத் தாண்டியதில்லை. தேத்தண்ணி வைத்தால் அரைக் கோப்பை. கொடுத்த வீட்டுக்குள் உரிமையோடு நடமாடுவது, அவரைப் பொறுத்தவரை, கொடுத்ததைத் திரும்ப எடுப்பது மாதிரி.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பள்ளிவாசலில் ஒரு கொமட் அமைக்கும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மதிப்பீடு வேண்டும், உபகுழு வேண்டும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு கூட்டமும் வேண்டும். மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உங்கட உபகுழு கூடி முடியிற மட்டும் காக்காட கிட்னி பாத்துக்கிட்டு இரிக்குமா?"

மறுநாள் லுஹர் முடிந்து நானும் மச்சானும் வெளியே வந்தபோது, அவள் ஒழுங்கைப் பக்கத்துச் சின்னக் கேற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். அதை ஒட்டித்தான் கொமட் உள்ள எங்கள் வெளிக் குளியலறை.

"காக்கா, நீங்க தந்த ஊட்டுல இந்தக் கக்கூஸ மட்டும் திருப்பித் தாறன். இனி இது உங்கட."

"உனக்கென்ன புள்ள, பைத்தியமா?"

"உங்கட மச்சானக் கேளுங்க. சட்டம் அவருக்குத்தானே தெரியும்."

நான் அலுவலகக் குரலை எடுத்தேன். "நில அளவையாளர் வந்து கக்கூஸ அளந்து வரைபடம் கீறணும். நொத்தாரிசு உறுதி எழுதணும். அதெல்லாம் மெதுவா நடக்கட்டும். ஆனா மச்சான், நம்மட ஹிபா நன்கொடைச் சட்டத்துல பொருளக் கைவசம் எடுத்தாத்தான் குடுத்தது சேரும். நீங்க உள்ளுக்குப் போய் வராட்டி இவள் குடுத்தது செல்லாது."

மச்சான் சிரிப்பை அடக்கப் பார்த்தார். "இந்த வாய்க்குத்தான் உங்களுக்குப் பென்சன் தாறாங்க" என்றபடி உள்ளே போனார்.

வெளியே வந்தபோது பைப்படியில் கதிரை ஒன்று போடப்பட்டிருந்தது. அதில் இருந்தே கால் கழுவி ஒளுவை முடித்தார். தங்கை வெள்ளரிப்பழத்தை மசித்து, எருமைத் தயிரும் கொஞ்சம் சீனியும் போட்டு வைத்திருந்தாள். தின்றார். தண்ணீர்க் கிளாஸைக் கையில் எடுத்தவர் முதலில் கேற்றைப் பார்த்தார், பிறகு பள்ளிவாசல் மினாராவைப் பார்த்தார். குடித்துவிட்டுக் கிளாஸை மறுபடியும் நீட்டினார். அஸருக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு முறை வந்து போனார். அன்றும் முன் வரிசையில்தான் நின்றார்.

அதன் பிறகு தினமும் வருகிறார். சில நாள் தண்ணீர்ச் சோறும் தயிரும் சின்ன வெங்காயமும், சில நாள் இளநீர். இறைச்சி ஆணம் இரவுக்குத் தள்ளிப்போனது. கடைசியாகக் கிளினிக் போனபோது, பழுது கூடவில்லை, இப்படியே தொடருங்கள் என்றார்களாம். பழுதான இடம் பழுதானதுதான். அதை அவரும் அறிவார்.

இப்போது அந்தக் கதவில் ஒரு பூட்டுத் தொங்குகிறது. சாவி மச்சானின் சட்டைப் பையில். சவர்க்காரம் அவருடையது, துவாயும் அவருடையது. போன கிழமை உள் குளியலறையில் பைப் பழுதாகி, நான் பள்ளிவாசல் தூணடிக்கே போய்ச் சாவி கேட்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தந்தார்.

"வடிவாத் தண்ணி ஊத்திட்டு வாங்க மச்சான். கிளாஸையும் நிரப்பி வைக்கச் சொல்லுங்க. இந்தப் பக்கத்த ஓதி முடிச்சதும் வாறன்."