பால்மரத்தில் மடித்துவைத்த சொற்கள்

எழுபதுகளின் நடுவில் நான் மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். பாலுக்காகப் பட்டையைச் சீவுவதைத்தான் அங்கே வெட்டுவது என்போம். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆனாலும் பல்கலைக்கழகத்துக்கான தேர்வைத் தனியாளாக எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன். மற்ற பாடங்களை எப்படியாவது மனப்பாடம் செய்துவிடலாம். பயமெல்லாம் பொதுத்தாள் மேல்தான். ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வேண்டும், அதுவும் கனமான சொற்களைப் போட்டு எழுத வேண்டும். அதில் தவறினால் மற்றவை எத்தனை தேறினாலும் பல்கலைக்கழகம் கிடையாது.

என்னிடம் அகராதி இல்லை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் கையில் பால்நாற்றம் போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு ஈப்போ நூலகத்துக்கு பஸ் ஏறுவேன். அங்கே ஒரு பெரிய அகராதி இருந்தது. தலையணை கனம், வெளியே கொடுக்க மாட்டார்கள். நூலகம் மூடுவதற்குள் பத்துப் பதினைந்து சொற்களைத் துண்டுத்தாள்களில் எழுதிக்கொள்வேன். மறுபடி தேட வசதியாக ஒவ்வொரு துண்டிலும் பக்க எண்ணையும் குறிப்பேன். பெரிய அகராதி, ஆகவே பக்க எண்கள் பெரும்பாலும் நாலு இலக்கம்.

படிக்க நேரம் ஏது? காலையில் பெரட்டில் ஆள்கணக்குக்குப் பேர் கொடுத்துவிட்டு, எனக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரைக்குப் போனால் அவ்வளவு மரத்தையும் வெட்டி முடிக்க வேண்டும். அதனால் மரத்தையே புத்தகமாக்கிக்கொண்டேன். பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் தாங்கும் கம்பியில், பத்து மரத்துக்கு ஒன்று என்று துண்டுகளைச் செருகிவைத்தேன். வெட்டிக்கொண்டு போகும்போது பிரித்துப் படிப்பேன். பால் எடுக்கத் திரும்பி வரும்போது பிரிக்காமலே சொல்லிப் பார்ப்பேன். 'இன்ஸிடியஸ்', சத்தமில்லாமல் உள்ளே புகுந்து கெடுப்பது. 'யுபிக்விட்டஸ்', எங்கே பார்த்தாலும் இருப்பது. நான் உச்சரிப்பதைக் கேட்டுத் திருத்த மரத்தைத் தவிர ஆள் கிடையாது.

துண்டுகளை மடித்துத்தான் வைப்பேன். சொல்லும் பொருளும் உள்ளே, பக்க எண் மட்டும் வெளியே. காரணம், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஐயாவின் மகள். அவளுக்கும் என் வயதுதான். ஈப்போவில் ஆறாம் படிவம் படித்தாள், அதே தேர்வை எழுதப்போகிறவள். நான் சனிக்கிழமைதோறும் பொறுக்கி எடுத்துச் செருகிய சொற்களை அவள் சும்மா நடந்து வந்து பார்த்துக்கொண்டு போவதா என்று எனக்குள் ஓர் எரிச்சல். அம்மா சொல்வார், "ஒனக்குச் சந்தேகம் சோறு மாதிரிடி. மூணு வேளையும் வேணும்."

தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கையில் துண்டுகள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் இரண்டு. காற்று என்று நினைத்தேன். பிறகு ஒரே நாளில் ஏழு. காற்றா பார்த்துப் பார்த்து உருவும்? எங்களை வேலை வாங்கும் தண்டலைச் சந்தேகித்தேன். பக்கத்து நிரைக்காரர்களைச் சந்தேகித்தேன். ஆனால் அவர்களுக்கு இங்கிலீஷ் எதற்கு? கடைசியில் மனசு போய் நின்றது கிராணி வீட்டு வாசலில்தான்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் அவள் என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். காலைச் சொறிந்துகொண்டே திரும்பி, "நம்ம எஸ்டேட்ல கொசு ரொம்ப யுபிக்விட்டஸ்லா" என்றாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முந்தின நாள் காணாமல் போன சொல் அது.

"எங்கேருந்து எடுத்தே அந்த வார்த்தைய?"

"என்னது, எங்கேருந்தா? வாய்லேருந்துதான்."

"திருடி! என் மரத்துலேருந்து எடுத்தே. மரியாதையாத் திருப்பிக் குடு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் ஒன்றும் புரியாமல் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். நடிப்பு என்று முடிவு கட்டினேன்.

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று, திங்கட்கிழமை பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நிரைக்கே திரும்பி, ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நிஜமாகவே கொசு யுபிக்விட்டஸ். அரைமணி நேரம் கழித்து ஆள் வந்தது. கிராணி மகள் இல்லை. பக்கத்து நிரை அக்கா. செருப்பைக் கழற்றிப் போட்டார். மரத்தைக் கும்பிட்டார். துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகினார்.

"அக்கா! அது என்னோட பேப்பரு!"

அவர் ஒரு கத்து கத்தி மங்குக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். "அட நாசமாப் போறவளே! உசுரு போச்சு! நீயா எழுதி வைக்கிறே? முனீஸ்வரன் நம்பர் குடுக்குதுன்னுல நாங்க நெனச்சோம்!"

மெல்ல மெல்ல விஷயம் வந்தது. வெளியே தெரிந்த நாலு இலக்கத்தைப் பார்த்து, ஆறேழு பெண்கள் பங்கு போட்டுக்கொண்டு ஈப்போ புந்தோங் கடையில் நாலு நம்பர் லாட்டரி எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்று ஆறுதல் பரிசு வேறு அடித்துவிட்டது.

"உள்ள இங்கிலீஷ்ல எழுதியிருக்கே அக்கா, பாக்கலியா? சாமிக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"வெள்ளக்காரன் தோட்டத்துச் சாமிலா. தெரியாமலா இருக்கும்?"

"சரி, பழைய பேப்பரெல்லாம் எங்கே?"

"அதெல்லாம் கோயில்ல சூடத்தோட வச்சுக் கொளுத்திட்டோமே. சாமி குடுத்தத சாமிகிட்டதானே சேக்கணும்?"

நாற்பதுக்கு மேற்பட்ட சொற்கள், முனீஸ்வரன் சன்னிதியில் சாம்பல். இனிமேல் எடுக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அக்கா கண்ணைச் சுருக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீ தனியா நம்பர் எழுதப் பாக்குறே. அதானே?"

அகராதியின் பக்கம் என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை.

தேர்வுக்கு நாலு வாரம். நாலு சனிக்கிழமையில் நாற்பது சொல்லைத் திரும்பப் பிடித்துப் புதுச் சொல்லும் சேர்க்க முடியாது. தோட்டத்தில் அகராதி இருந்த ஒரே வீடு கிராணி வீடு. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் போனேன். லயத்து வரிசைவீடுகளில் இருக்கும் ஆட்கள் அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போவது வழக்கம். பின்வாசலில் நின்று கூப்பிட்டேன். அவளே வந்தாள்.

"என்ன, இன்னும் எதுவும் காணோமா?"

நடந்ததைச் சொன்னேன். முனீஸ்வரனைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது, ஆனால் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள். "அந்த வார்த்த எங்க வாத்தியார் குடுத்தது. ஒலகத்துல ஒனக்கு மட்டுமா அது?"

"தப்புதான். பஸ்ல அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. டிக்ஷனரி ஒரு வாரம் தர்றியா?"

"வீட்டுக்குத் தர மாட்டேன். இங்கயே ஒக்காந்து எழுது."

"ஏன், தூக்கிட்டு ஓடிருவேனா?"

"நீ என்னய நெனச்ச மாதிரி நான் ஒன்னய நெனைக்கக் கூடாதா?"

பின்வாசல் படியில் உட்கார்ந்து எழுதினேன். அவள் சன்னல் வழியாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் அப்படிப் போனது. அடுத்த வாரம் நாற்காலியைப் படிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். என் உச்சரிப்பைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள், திருத்துவாள். பதிலுக்கு நான் அவளைப் பொருள் கேட்பேன், தடுமாறுவாள். அப்போதும் அவள் நோட்டை ஒரு கையால் மறைத்துத்தான் எழுதினாள். நல்ல சொற்களை எனக்குக் காட்டாமல் வைத்திருக்கிறாள் என்று எனக்கு நிச்சயம். நானும் ஒன்றிரண்டை மறைத்துத்தான் வைத்திருந்தேன்.

தேர்வு எழுதி மாதங்கள் ஓடின. தோட்டத்துத் தபாலெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். ஒருநாள் மத்தியானம் கிராணி ஐயாவே லயத்துக்கு நடந்து வந்து என் பெயர் போட்ட உறையை நீட்டினார். ஓரம் பிரிந்திருந்தது.

"யாரு தெறந்தது ஐயா?"

"நான்தான்." அவர் முகம் இறுகியிருந்தது. "எம்மவ ஈப்போவுல ஸ்கூல்ல ரிசல்ட் வாங்கிட்டு போன் பண்ணுனா. ஒன் தபால் வந்துச்சா, ஒடனே பாருங்கப்பா, பொதுத்தாள்ல என்னய விட அவ கூடவா கொறவான்னு கேட்டா. கை நிக்கல."

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து நின்றார்.

"கூடவா, கொறவா ஐயா?"

"ரெண்டு பேரும் பாஸ்தான். எல்லாப் பாடமும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொதுத்தாள்ல மட்டும் நீ ஒரு படி மேல."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். கிராணி ஐயா சொன்னதை அப்படியே நம்பிவிடாமல் உறையை வாங்கி, தாளை உருவி, அந்த ஒரு வரியை விரல் வைத்து நானே படித்தேன்.