ஐந்து லிட்டர் ஸ்தோத்திரக் காணிக்கை

ஒரே ஐந்து லிட்டர் பெட்ரோலை ஒரே மத்தியானத்தில் இரண்டு தடவை விலை கொடுத்து வாங்கியவன் நான். இரண்டு தடவையும் பெட்ரோல் பங்க்கில் எழுதிப் போட்டிருக்கும் விலையைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டாவது தடவை எனக்குப் போட்டியாக விலையை ஏற்றியது என் சொந்த மைத்துனன். அதற்கு முந்தைய வாரம் முழுக்க, பெட்ரோல் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று சங்கரன்கோவிலில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவனும் நானேதான்.

வகுப்பின் சாரம் இது. கடலுக்கு அப்பால் கச்சா எண்ணெய்ப் பீப்பாயின் விலை ஏறினால் நம்மூரில் பெட்ரோல் ஏறும். பீப்பாய் சும்மா இருந்து டாலர் ஏறினாலும் ஏறும். இரண்டும் இறங்கினால், எண்ணெய்க் கம்பெனிகள் பழைய நட்டத்தை நினைத்துக் கண் கலங்கும், ஆகவே இறங்காது. இதற்கு மேல் டெல்லி ஒரு வரி போடும், சென்னை ஒரு வரி போடும், பங்க்காரருக்குக் கமிஷன் உண்டு. இத்தனையையும் சுமந்துகொண்டு அசையாமல் நிற்கிற விலையை அசைக்கக்கூடிய ஒரே சக்தி தேர்தல். இதையெல்லாம் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்கிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அதன்மேல் முருங்கைக்கீரை உருவுவார்கள்.

அந்த வாரம் பீப்பாய் இறங்கியிருந்தது. தேர்தல் பேச்சும் கொஞ்சம் அடிபட்டது. வருகிற ஞாயிறு நள்ளிரவு விலை கட்டாயம் குறையும், அதுவரை யாரும் டேங்கை நிரப்ப வேண்டாம் என்று எங்கள் தேவாலயச் சபையாரின் செல்போன் குழுவில் எழுதினேன். புதன்கிழமை நான் எழுதியது வெள்ளிக்கிழமை வேறொரு குழுவிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது. மேலே ‘டெல்லியிலிருந்து உறுதியான தகவல்’ என்று யாரோ சேர்த்திருந்தார்கள். எழுதும்போது எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. டெல்லியும் அதையே சொல்கிறது என்றதும் தெளிந்துவிட்டேன். என் காரின் முள் சிவப்புக்குக் கீழே படுத்துக்கிடந்தும் பெட்ரோல் போடவில்லை. குறைந்தால் மிச்சமாகிற காசுக்கு வீட்டில் ஆளுக்கொரு வடை சாப்பிடலாம்.

அதே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இளையரசனேந்தலில் மைத்துனனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அவனுக்கு வயது முப்பத்தாறு. விசைத்தறி வைத்திருந்தான், தறி ஓடுகிற வேகத்தில் தலைமுடியும் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு முன் அமைந்த ஒரு நல்ல இடத்துக்கு நாங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது, எங்களுக்காகக் கிண்டிய கேசரியை வேறொரு மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் முடிவெடுக்கிறவர் பெண்ணின் பெரியப்பா. நேரம் தவறினால் எழுந்து போய்விடுகிற ஆள் என்று தரகர் சொல்லியிருந்தார். இதுவும் போனால் இனிமேல் யாரும் எனக்குப் பெண் பார்க்க வேண்டாம் என்று மைத்துனன் அறிவித்துவிட்டான்.

சரி, ஞாயிறு காலையில் கொஞ்சம் மட்டும் போட்டுக்கொள்வோம் என்று பங்க்குக்குப் போனேன். ‘ஸ்டாக் இல்லை’ என்று அட்டை தொங்கியது. பங்க் முதலாளி எங்கள் சபைக்காரர்தான். பண்டிகை வேட்டியில் கோயிலுக்குப் புறப்பட்டு நின்றார்.

“வெல கொறையப்போகுதுன்னு டெல்லியில இருந்தே சொல்லுதாங்க அண்ணாச்சி. நேத்து லோடு எடுத்து ரொப்பி வச்சா, ராத்திரி கொறைஞ்சா நட்டம் எனக்குல்லா? எல்லா பங்க்குலயும் இதே கததான்.”

டெல்லி யார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். “பஸ்ல போயிருவமா அத்தான்? மத்தியானம் ஒண்ணு இருக்கு” என்றான் மைத்துனன்.

என் மனைவி திரும்பினாள். “கார்ல வாரோம்னு தரகர்கிட்ட சொல்லியாச்சு. பஸ்ல போயி எறங்குத மாப்பிள்ளைக்கு எவன்ல பொண்ணு குடுப்பான்? போ, சைக்கிள எடுத்துட்டுப் போயி எங்கயாவது ரெண்டு லிட்டர் கெடைக்குதான்னு பாரு.”

அவனை அனுப்பிவிட்டு நாங்கள் கோயிலுக்கு நடந்தோம். அன்று அறுப்பின் பண்டிகை. சபையார் தத்தம் நிலத்திலும் தொழிலிலும் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். பூசணிக்காய், சேவல், வாழைத்தார், தறிக்காரர்கள் கொடுத்த துண்டுகள். பங்க் முதலாளி தன் நிலத்தில் விளைந்ததைக் கொடுத்திருந்தார்: ஒரு கேனில் ஐந்து லிட்டர் பெட்ரோல். அதைப் பீடத்தருகே வைப்பது முறையா என்ற இறையியல் சிக்கலை, சபையை நடத்துகிற உபதேசியார் ஒரே வாக்கியத்தில் தீர்த்தார். “மெழுகுவர்த்தி எரியுதுல்லா, வெளிய வைங்கடே.”

வேப்பமரத்தடியில் அந்தக் கேனைப் பார்த்ததும் கர்த்தர் என்னைக் கைவிடவில்லை என்று நினைத்தேன். அவர் என்னை மட்டும் அல்ல, யாரையுமே கைவிடவில்லை என்பது ஏலம் தொடங்கியதும் தெரிந்தது. மைக்கைப் பிடித்திருந்த உபதேசியார் பங்க் விலையில் ஆரம்பித்தார். சுற்றிலும் கைகள் எழுந்தன. சேவலுக்கு இரண்டு பேர்தான் நின்றார்கள்; பெட்ரோலுக்கு மொத்த சபையும் நின்றது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. சபையில் ஒருவர் டேங்கிலும் பெட்ரோல் கிடையாது. எல்லாரும் என் பேச்சைக் கேட்டவர்கள். பீப்பாயும் டாலரும் செய்ய முடியாததை ஒரு குறுஞ்செய்தியில் நான் செய்திருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவருடைய ஸ்கூட்டர் வீட்டில் வறண்டு நின்றது. நான் கேட்கக் கேட்க அவர் ஏற்றிக்கொண்டே போனார்.

“ஏன் வே, கொறையும் கொறையும்னு நீருதான வகுப்பெடுத்தீரு? இங்கன ஏறிக்கிட்டுல்லா போகுது?”

“நள்ளிரவுக்குத்தான் சார் குறையும்.”

“அதுவரைக்கும் நான் ஸ்கூட்டர உருட்டிக்கிட்டு அலையவா?”

நாலு மடங்கு விலையில் அவர் கையைக் கீழே போட்டார். கேன் எனக்கு. மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து கேனை நோக்கி இரண்டடி வைத்தேன். அதற்குள் உபதேசியார் மைக்கில் முழங்கினார்.

“நல்ல வெலைக்கு எடுத்த பொருள திரும்ப ஆண்டவருக்கே குடுக்கது நம்ம சபை வழக்கம். அண்ணாச்சியும் குடுக்காங்க! எல்லாரும் கை தட்டுங்க!”

வழக்கம் இருப்பது உண்மைதான். போன வருஷம் ஒரே பூசணிக்காய் மூன்று தடவை ஏலம் போனது. ஆனால் கட்டாயம் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து “இல்லை, வேண்டும்” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கை தட்டிவிட்டார்கள். எனக்காக ஒரு கூட்டம் கை தட்டுவது அபூர்வம். நான் கும்பிட்டபடி தலையாட்டிவிட்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இடம் போதாது.

மறுபடியும் ஏலம். எனக்குள் இருந்த பொருளாதார மேதை அப்போதும் ஓயவில்லை. கேட்டவர்கள் களைத்துவிட்டார்கள், ஆகவே இந்தத் தடவை விலை இறங்கும் என்றார். இறங்கவும் செய்தது. முதல் தடவை போனதில் பாதி விலையில் நான் மட்டும்தான் கை தூக்கி நின்றேன். அப்போது பின்னால் வாசல் பக்கத்திலிருந்து யாரோ கூட்டிக் கேட்டார்கள். ஒலிபெருக்கியின் இரைச்சலில் குரல் பிடிபடவில்லை. உபதேசியார் தொகையைத் திருப்பிச் சொன்னதுதான் காதில் விழுந்தது. நான் கையை உயர்த்தினேன். வாசல் ஏற்றியது. நான் ஏற்றினேன். யாரோ வெளியூர் ஆள், பெட்ரோலைப் பதுக்குகிறவன் என்று முடிவு செய்தேன். இவனைப் போன்றவர்களால்தான் நாட்டில் விலைவாசி ஏறுகிறது என்று தலைமையாசிரியரிடம் சொல்லவும் சொன்னேன்.

முதல் தடவை போன விலையைத் தாண்டியபோது, என் மனைவி நாற்காலிமேல் ஏறி வாசலை எட்டிப் பார்த்தாள்.

“ஏலே மூதி! அங்கன நின்னு யாருகூட ஏலம் போடுத? உங்க அத்தான்லா இங்கன கையத் தூக்குதாவ! ரெண்டு பேரும் வாய மூடுங்கல!”

ஊரெல்லாம் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மைத்துனன், பெட்ரோல் ஏலம் என்று காதில் விழுந்ததும், இடையில் நின்ற கூட்டத்தில் என்னைக் காணாமல், கடவுளே காட்டிய வழி என்று பாய்ந்திருக்கிறான். கடைசித் தொகை என்னுடையது. உபதேசியார் விவரமானவர். “ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். இந்தத் தடவை கை தட்டலுக்குக் காத்திராமல் மனைவியே போய்க் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

நாங்கள் புறப்படும்போதே நேரம் தவறிவிட்டது. இளையரசனேந்தலில் அவர்கள் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது, கார் நுழையாது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் காரை விட்டுவிட்டு நடந்தோம். ஒன்றரை மணி நேரத் தாமதம். மைத்துனன் முகம், முடிவு தெரிந்துகொண்டு பரீட்சை எழுதப் போகிறவனின் முகம்.

ஆனால் பெரியப்பா உள்ளேதான் இருந்தார். “வாங்க வாங்க, அலைச்சல்தான்” என்று அவரே எழுந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தார். கேசரியும் மிச்சம் இருந்தது. அன்றைக்கே பேச்சு முடிந்தது. அந்தப் பெட்ரோலுக்குக் கொடுத்த விலை தகும், கார் வைத்திருக்கிற குடும்பம் என்றால் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது என்று திரும்பும் வழியில் மனைவிக்கு விளக்கினேன். அவளும் முதல் தடவையாக ஒத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் பெட்ரோல் விலை ஒரு பைசா அசையவில்லை. அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோது, இலையில் உட்கார்ந்திருந்த புதுப்பெண்ணிடம் இந்தக் கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். அன்று அந்தக் கார் இல்லாவிட்டால் இந்தச் சம்பந்தமே இல்லை என்று முடித்தேன். அவள் ரசம் பிசைந்த கையை அப்படியே நிறுத்தினாள்.

“கார்லயா அண்ணாச்சி வந்திய? தரகர் சொன்னாவதான். ஆனா எல்லா மாப்பிள வீட்டுக்காரங்களும் அப்படித்தான சொல்லுதாவ. சந்துல நடந்து வாரதப் பாத்துட்டு, நீங்க அந்த மத்தியான பஸ்ஸுல வந்தியன்னுல்லா நெனச்சோம். அது எந்தக் காலத்துல நேரத்துக்கு வந்திருக்கு? அதான் பாவம்னு பெரியப்பா காத்து உக்காந்திருந்தாவ. கார்லன்னு தெரிஞ்சிருந்தா அப்பமே எந்திரிச்சுப் போயிருப்பாவ.”