சீனாக்காரருக்குப் போர்த்திய பொன்னாடை

முப்பத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகன் ஸ்பொன்சர் செய்து ரொறொன்ரோவுக்கு வந்தேன். வந்த ஏழாம் மாதம் ஸ்காபரோவில் ஒரு நூடில்ஸ் தொழிற்சாலையில் பெட்டி எண்ணும் வேலை கிடைத்தது. ஒரு லொறிக்கு இருபத்திரண்டு மரத்தட்டு, ஒரு தட்டுக்கு நாற்பத்தெட்டுப் பெட்டி. நான் எண்ணினால் கணக்குப் பிழைக்காது.

முதலாளி ஒரு சீனாக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பணக்காரர் என்று பார்த்தால் தெரியாது. தெரியாமல் இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை. அலுவலகத்தில் ஆறு குழல்விளக்கு இருந்தும் இரண்டைத்தான் எரியவிடுவார். மத்தியானத்தில் உடைந்து கழிந்த நூடில்சைச் சுடுநீரில் போட்டுக் குடிப்பார். அப்படி மிச்சம் பிடித்து, பிறந்த ஊரில் மூன்று பள்ளிக்கூடங்கள் கட்டியிருந்தார். ரொறொன்ரோவில் சீனப் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமைப் பள்ளிக்கூடமும் நடத்தினார்.

சீனப் புதுவருடம் வந்தால் வேலையாட்களை நிற்கவைத்துத் தன் கதையைச் சொல்வார். நான் நான்கு முறை கேட்டேன். சின்ன வயதில் சம்பளம் கட்ட வழியில்லாமல் பள்ளிக்கூட முற்றம் கூட்டினாராம். ஜன்னலுக்கு வெளியே நின்றே படித்தாராம். பிறகு கனடா. கோப்பை கழுவினார், வாடகை அறையின் குளியல் தொட்டியில் பயறு முளைக்கவைத்து விற்றார், அதிலிருந்து நூடில்ஸ். ஒவ்வொரு வருடமும் அந்த ஜன்னலின் உயரம் கூடிக்கொண்டே போனது. பணம் சேர்த்த எல்லோரிடமும் இப்படி ஒரு ஜன்னல் இருக்கிறது. "உங்கள் பள்ளிக்கூடங்களில் என்ன படிப்பிக்கிறார்கள்?" என்று ஒருமுறை கேட்டேன். "நிலம் சுத்தமாக இருக்கும்" என்றார். நான்கு பள்ளிக்கூடங்களுக்கு உரிமையாளர். பாடத்திட்டம் என்ற ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

எங்கள் ஊர்ச் சங்கமும் ஒரு சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் வைத்திருந்தது. நாற்பத்துமூன்று பிள்ளைகள், தமிழும் கணக்கும். படிப்பித்தது நான். ஒரு பலசரக்குக் கடையின் பேஸ்மென்டில், கருவாட்டு மணத்தில், பின்னங்கள் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் கடைக்காரர் அரிசி மூட்டை வைக்க இடம் வேண்டுமென்றார். மாத முடிவுக்குள் இடம் கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடுவதைத் தவிர வழியில்லை. சங்கம் இரண்டு கூட்டம் கூடியது. முதலாவதில் ரோல் சாப்பிட்டார்கள். இரண்டாவதில் கட்லட்.

நான் சீனாக்காரரிடம் போய்க் கேட்டேன். தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் அவருடைய மேல்மாடி வெறுமனே கிடந்தது. யோசிக்காமல் தந்தார், வாடகை இல்லாமல். ஒரேயொரு நிபந்தனை. கூட்டித் துடைப்பதும் கக்கூஸ் கழுவுவதும் பெற்றோரின் வேலை, முறைவைத்து. அவருடைய சீனப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். "படிப்பிக்கிறவர் தும்புத்தடியைத் தொடக்கூடாது" என்று எனக்கும் ஒரு சட்டம் போட்டார்.

சங்கத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் அப்போதுதான் அஜக்சில் நான்கு அறை வீடு வாங்கியிருந்தார்.

"என்ன மாஸ்டர், உவன் எங்களை ஆரெண்டு நினைச்சவன்? கக்கூஸ் கழுவவோ நாங்கள் கனடாவுக்கு வந்தனாங்கள்?"

"ஓம் தம்பி, அதுக்குத்தான் வந்தனீங்கள். மிசிசாகாவில கிழமைக்கு ஐஞ்சு இரவு கழுவுறியள். சனிக்கிழமை ஒருக்கா இஞ்சையும் கழுவினா என்ன?"

"அது வேலை மாஸ்டர். அங்க ஆர் பாக்கினம்? இது எங்கட சனம் வந்து போற இடம்."

பதின்மூன்று பேர் கொண்ட நிர்வாகசபை. எட்டுப் பேர் அலுவலகங்கள் துப்புரவு செய்து வீடு வாங்கியவர்கள். ஊரில் எந்த வீட்டார் எவருடைய முற்றத்தைக் கூட்டினார்கள் என்ற கணக்கு மட்டும் பதின்மூன்று பேருக்கும் மனப்பாடம். கனடாவுக்கு இரண்டு பெட்டி கொண்டுவந்தார்கள். அந்தக் கணக்கு மூன்றாவது பெட்டி.

கடைசியில், தங்கள் புத்தியை மெச்சிக்கொண்டு, சங்கக் காசில் ஒருவனைப் பிடித்தார்கள். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்த, புதிதாக வந்த பொடியன். சனி காலை ஏழு மணிக்கு வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் போவான். இரண்டு சனி ஒழுங்காகப் போனது. மூன்றாம் சனி சீனாக்காரர் விடியவே வந்து நின்றார். பொடியனைப் பார்த்து என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "இவருடைய பிள்ளை எந்த வகுப்பு?"

நான் தமிழில் கேட்டேன். பொடியன் சிரித்துவிட்டான். "எனக்குக் கலியாணமே ஆகேல்லை மாஸ்டர். தலைவர் அண்ணை பாத்து வைச்சாத்தான் உண்டு."

சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். சீனாக்காரர் சிரிக்கவில்லை. "காசு கொடுத்தால் நிலத்தைக் கூட்ட எனக்கும் ஆள் கிடைக்கும். அதை நான் கேட்கவில்லை" என்றார். அன்றைய வகுப்பு முடிந்ததும் மேல்மாடிக் கதவின் திறப்பை என்னிடமிருந்து வாங்கி, அதைப் பூட்டிக்கொண்டு போனார். ஒரு தும்புத்தடிக்காக நாற்பத்துமூன்று பிள்ளைகளைத் தெருவில் விட அவருக்கும் மனம் வந்தது. முற்றம் கூட்டியதைத் தவிரப் பள்ளிக்கூடத்தில் வேறொன்றும் கற்காதவரின் பிடிவாதம் அது.

தலைவரிடம் இதற்கு ஒரு மருந்துதான் இருந்தது. அந்தப் புதன்கிழமை ஐந்து பேர் கோட் சூட்டில் தொழிற்சாலைக்கு வந்தார்கள். ஒருவர் கையில் சரிகைக் கரை போட்ட பொன்னாடை, ஒருவர் கழுத்தில் கமரா. சீனாக்காரர் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தார். தலைவர் "கல்விக் காவலர்" என்று தொடங்கி ஆங்கிலத்தில் பதினொரு நிமிடம் பேசி, பொன்னாடையைப் போர்த்தினார். போர்த்தும்போது படமெடுக்க மறந்துவிட்டதால் கழற்றி இன்னொருமுறை போர்த்தினார். சீனாக்காரர் பொறுமையாக இருந்தார்.

பிறகு கேட்டார்: "உங்களில் யாருடைய பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்?"

நான்கு கைகள் உயர்ந்தன.

"யார் கூட்டினீர்கள்?"

உயர்ந்த கைகள் இறங்கின. அவர் பொன்னாடையைக் கழற்றி, பழைய மடிப்பிலேயே மடித்து, என்னிடம் நீட்டினார். "அந்தப் பையனுக்குக் கொடுங்கள்."

கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் பொடியன் அதை ஜாக்கெட்டுக்குள் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு திரிந்தான்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் தலைவர் சொன்னார்: "சீனாக்காரனுக்கு உந்தப் பொன்னாடையின்ர பெறுமதி எங்க விளங்கப்போகுது?" இன்னொருவர், "கோட் போட்டது வீண்" என்றார்.

வியாழன் காலை என் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. ஒரு மாணவியின் தாய். குரல் தாழ்ந்திருந்தது.

"மாஸ்டர், அவர் இரவு வேலை முடிஞ்சு வந்து நித்திரை. மெல்லமாத்தான் கதைக்கிறன். வெள்ளிக்கிழமையில நாங்கள் வந்து கூட்டினா உந்தச் சீனாக்காரர் திறப்புத் தருவாரோ?"

"நாங்கள் எண்டா எத்தனை பேர் பிள்ளை?"

"மூண்டு பேர். எங்கட வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா நிப்பாட்டிப் போடுவினம்."

நாற்பத்துமூன்று பிள்ளைகளுக்கு எழுபத்தொன்பது பெற்றோர். அதில் மூன்று. இந்த விகிதத்தோடு போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெள்ளி காலை சீனாக்காரரைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டட வாசலில் நின்றேன். மூன்று பெண்களும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருந்தால் என்று, நிலம் துடைக்கும் மொப்புகளைக் கறுப்புக் குப்பைப் பைகளால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒருத்தி முதியோர் இல்லத்தில் வேலை, ஒருத்தி கோப்பிக் கடையில், மற்றவள் வீட்டோடு. சீனாக்காரர் அந்தக் கறுப்புப் பைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திறப்பை எடுத்து மூத்தவளின் கையில் கொடுத்தார். என் கையில் அல்ல. "மூன்று போதும்" என்றார். தயாளம் என்று சொல்லமாட்டேன். போகும்போது மாடிப்படி விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

அந்த மூவரும் வருடம் முழுவதும் வெள்ளி தவறாமல் வந்தார்கள். சனிதோறும் நான் சுத்தமான நிலத்தில் நின்று பின்னங்கள் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த கோடையில் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. ஒஷாவாவிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சனம் சொன்னது, பொன்னாடை சீனாக்காரனிட்ட எடுபடாதெண்டு. ரெண்டு நாள், ரெண்டே ரெண்டு நாள். இடத்தைத் திருப்பித் தந்திட்டான்! கௌரவம் குடுத்தா ஆரும் இளகுவான். இந்த முறை இதைவிடப் பெரிய பொன்னாடை வாங்கவேணும்."

கைதட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் வெள்ளிக்கிழமைகள் அன்றோடு நின்றிருக்கும். அந்த மூன்று பெண்களும் நான்காம் வரிசையில் ஒன்றாக இருந்தார்கள். பார்வை மேடையில்தான் இருந்தது. கை மட்டும் மடியில்.

கூட்டம் முடிந்தபோது நிலமெல்லாம் கடதாசிக் கோப்பையும் ரோல் துண்டும். மண்டபத்தைத் துப்புரவாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டு ஒலிவாங்கியில் சொன்னார்: "பொம்பிளையள் ஆராவது எழும்பி உந்த நிலத்தை ஒருக்காக் கூட்டி விடுங்கோ."

ஏழெட்டுப் பெண்கள் எழும்பினார்கள். நான்காம் வரிசையில் அந்த மூவரும் அசையவில்லை. மூத்தவள் கைப்பையைத் திறந்து, பள்ளிக்கூடத் திறப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள்.