பக்கம் புரட்டாதவர்

விவேக் நகர் பஸ்ஸில் தினமும் ஒரு பெரியவர் என் பக்கத்தில் உட்காருவார். நரைத்த மீசை, மொடமொடவென்று தேய்த்த சட்டை, மடியில் விரித்த உளவு நாவல். ஆனால் அவர் பக்கம் புரட்டி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அதுதான் சந்தேகம்.

"இது சினிமாவா வந்துச்சே, பாத்தீங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாத்தேன். சினிமால உளவாளி ஓடறான், குதிக்கிறான், சுடறான். புக்ல சும்மா உக்காந்து ஆளுங்களப் பாக்கறான். அதான் நெஜம்."

"பாத்தா என்ன தெரிஞ்சுடும்?"

"பத்து நாளா உங்க கழுத்துல ஐடி கார்டு இல்ல. டிபன் பாக்ஸ் மட்டும் டெய்லி வருது. வீட்ல சொல்லிடுங்க சார்."

வேலை போனதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறுநாளும் டிபன் பாக்ஸோடுதான் கிளம்பினேன். பஸ்ஸை மட்டும் மாற்றிக்கொண்டேன்.