மோசம்னு சொல்லத் தெரியாத ஓர்லின்

கோதுமை அறுக்கிற மெஷின்ல ஓர்லின் ட்வைட்டுக்கு ரெண்டு விரல் போச்சு. துண்டைச் சுத்திக்கிட்டு நேரா என் பெட்ரோல் பங்குக்கு வந்தான். "என்னடா இது ரத்தம்!"னு நான் அலறுறேன். "அவ்வளவு மோசமில்ல. காபி இருக்கா?"ங்கிறான்.

அமெரிக்காவுல எங்க வடக்கு டகோட்டாக்காரன் எல்லாரும் வலியை முழுங்குறவன்தான். இவன் முழுங்கிட்டு ஏப்பம்கூட விடமாட்டான். கார்லீனைக் கல்யாணத்துக்குக் கேட்டதே, "நீயும் அவ்வளவு மோசமில்ல"ன்னுதானாம். நான் கதை கட்டிவிடல, அவளே சொன்னா.

நாப்பது தாண்டித்தான் அவனுக்கு முதல் பையன் பொறந்தான், ஹால்வர்னு பேரு. புள்ள வீட்டுக்கு வந்த மறுநாள், என் சம்சாரம் கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஓவன்ல வச்சதை நான் தட்டோட கொண்டுபோனேன். கார்லீன் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. ஓர்லின் போன்ல நிக்கிறான், அந்தப் பக்கம் கிளினிக் நர்ஸ் லவோன்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்க, லவோன். பையன் கொஞ்சம் கக்குறான். அவ்வளவு மோசமில்ல, நாளைக்கு வரோமே... கலரா? பச்சைதான். நல்ல பச்சை, களைச்செடி மாதிரி."

"ஓர்லின்! பச்சையா கக்குனா குடல் அடைச்சிருக்கும்டா! பால் குடுக்காத! ஆம்புலன்ஸ் அனுப்புறேன், வாசல்ல நில்லு!"

எனக்கே கேட்டுச்சு. லவோன் சர்ச்சுல பாட்டுக்கூட சத்தமாப் பாடாதவ. என் கையில இருந்த தட்டு கீழ விழுந்து சிதறிப்போச்சு.

தாயும் புள்ளையும் ஆம்புலன்ஸ்ல, நாங்க பின்னாடியே என் வண்டியில. "நாளைக்குன்னு சொன்னேனே"ன்னான் ஓர்லின். வழி பூரா அது ஒண்ணுதான் பேசுனான்.

பார்கோ டவுன் பெரிய ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சின்னப் பொண்ணு. "குடல் அதோட எடத்துல உக்காரல. ஈரத்துணியப் பிழிஞ்ச மாதிரி முறுக்கிக்கிச்சு, ரத்தம் ஓடல. வயித்தத் திறந்து முறுக்கப் பிரிக்கணும், இப்பவே"ன்னுச்சு. என் உள்ளங்கை அளவு வயிறு அது!

ஆபரேஷன் ரூம் கதவு தொறந்தப்போ ஓர்லின் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னான். டாக்டரம்மா தொப்பியக் கழட்டுனா. அவளும் நம்ம பக்கத்துப் பொண்ணு போல. "அவ்வளவு மோசமில்ல..."ன்னு ஆரம்பிச்சா.

"அந்தப் பேச்சு வேணாம்மா!" ஓர்லின் கத்துன கத்துல நர்சுங்க ஓடியாந்தாங்க. "செத்தவனப் பத்தியும் நாங்க அப்படித்தான் சொல்லுவோம்! உசுரோட இருக்கானா, இல்லையா?"

"இருக்கான். கறுத்துப்போன ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துட்டு, ரெண்டு முனையும் சேத்துத் தச்சாச்சு. மிச்சக் குடல்ல ரத்தம் ஓடுது, சிவந்துருச்சு."

மெஷின்ல விரல் போனப்போ அழாதவன், நடுக்கூடத்துல உக்காந்து கேவிக் கேவி அழுதான். எங்க பாக்கறதுன்னு தெரியாம நான் என் பூட்ஸையே பாத்துட்டிருந்தேன்.

ஒரு வாரம் கழிச்சு, பங்குல கூட்டமா இருக்கு, போன் அடிக்குது. "பேண்டுட்டான்! குடல் வேலை செய்யுதுடா!"ன்னு ஓர்லின் கத்துறான்.

"எப்படி இருக்கு?"ன்னேன், பழக்கதோஷத்துல.

"பிரமாதம்!"

அவன் வாயில அந்த வார்த்தையைக் கேட்டு, கையில இருந்த போனை நழுவவிட்டுட்டேன்.